செக்கர் கேபிளை நிறுத்தப் போன கதை

பஸ்ஸுல ஏறி டிக்கெட் சரி பாக்கறதுதான் அவரோட வேலை. அதனால தெருவே அவருக்கு செக்கர்னு பேரு வெச்சிடுச்சு. பெத்தவங்க வெச்ச பேரு அவருக்கே மறந்து போயிருக்கும்.

ஆளைப் புடிக்கறதுல கில்லாடி. டிக்கெட்டைக் கேக்கறதுக்கு முன்னாடி, "எங்க ஏறினே?"ன்னு கேப்பாரு. பதிலை வாங்கிக்கிட்டு நாலு சீட்டு தள்ளிப் போவாரு. போனவரு திரும்பி வந்து, "எங்க ஏறினேன்னு சொன்னே?" அப்படிம்பாரு. நெஜத்தைச் சொல்றவன் இப்ப உளறுவான். "அதான் சார், பாலத்துக்குக் கீழ. இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி, அந்த மருந்துக்கடை இருக்குல்ல..." இவனை விட்டுடுவாரு. பொய் சொல்றவன் மட்டும் ரெண்டு தரமும் ஒரு எழுத்து பிசகாம ஒப்பிப்பான். மனப்பாடம் பண்ணினவன்தான் அப்படி ஒப்பிப்பான்கறது செக்கரோட கணக்கு. சட்டைக் காலரைப் புடிச்சிடுவாரு.

வேலையில பேர் வாங்கிக் குடுத்த வித்தை வீட்டுல மானத்தை வாங்கிடுச்சு. "இன்னைக்கு யாரு வந்தா?"ம்பாரு. "யாரும் வரல"ன்னு சொல்லும் அவரு சம்சாரமான அந்தம்மா. கை கழுவிட்டு வந்து, "யாரு வந்தான்னு சொன்னே?"ம்பாரு. பாவம், எத்தனை நாளைக்குத்தான் ஒரு பொம்பளை பஸ்ஸுல ஏறாமலே டிக்கெட் காட்டிக்கிட்டு இருப்பா? ஒருநாள் பையைத் தூக்கிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிடுச்சு. அது இல்லாத நாள்ல செக்கர் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். சோத்தைத் தீய்ச்சாரு. யூனிபாரத்தை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி மாட்டிக்கிட்டு டெப்போவுக்குப் போனாரு. கடைசியில மச்சான் வீட்டு வாசல்ல போய் நின்னாரு.

அந்தம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டுட்டுத்தான் வந்துச்சு. "வீட்டுல எந்தக் கேள்வியும் ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை கேட்டீங்கன்னா, பதில் என் தம்பி வீட்டுல இருந்துதான் வரும். அப்புறம் நீங்க வந்து நின்னாலும் கதவைத் திறக்க மாட்டேன்."

செக்கர் தலையாட்டினாரு. அன்னையிலேருந்து வாயைக் கட்டிக்கிட்டு டிவி முன்னாடியே குந்திக்கிட்டாரு.

அந்த டிவிக்குத்தான் வந்துச்சு வினை. கேபிள் கம்பெனிக்காரன் காசை ஏத்தினான். கொஞ்ச நாள்ல மறுபடியும் ஏத்தினான். மூணாவது தரமும் ஏத்தி, அந்தம்மா போனுக்கு மெசேஜ் அனுப்பிட்டான். கம்பெனியில குடுத்து வெச்சிருக்கறது அந்தம்மா நம்பரைத்தான். தன் நம்பரைக் குடுத்தா என்னத்தை உருவிடுவானோன்னு பயந்து பொண்டாட்டி நம்பரைக் குடுத்த புத்திசாலி நம்ம செக்கரேதான்.

"உங்களுக்கு மேலான சேவை வழங்குவதற்காகக் கட்டணம் மாற்றியமைக்கப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்குங்க"ன்னு அந்தம்மா படிச்சுக் காட்டுச்சு.

"மாத்தி அமைச்சானாமா? எறக்கியிருந்தா எறக்கிட்டேன்னு தம்பட்டம் அடிச்சிருப்பானே. யாரு தலையில மொளகா அரைக்கறான்? மீன் புடிக்கறதைக் காட்ட ஒரு சேனல், புடிச்ச மீனைக் காட்ட இன்னொரு சேனல். நான் கேட்டனா? நிறுத்திடறேன் பாரு."

அந்தம்மா கழுவி வெச்சிருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவுச்சு.

செக்கர் கம்பெனிக்கு போன் போட்டாரு. ஒண்ணை அமுக்கு, நாலை அமுக்குன்னு சுத்த விட்டு, பாட்டு போட்டு, கடைசியில ஒரு பொண்ணு வந்துச்சு. "எங்க குடும்பத்தை விட்டு ஏன் சார் விலகறீங்க?"

"நான் எப்பம்மா உங்க குடும்பத்துக்குள்ள வந்தேன்? என் குடும்பத்துக்கே பதில் சொல்ல முடியல."

பாதி காசுக்குத் தர்றோம்னு அந்தப் பொண்ணு ஆசை காட்டிப் பாத்துச்சு. பாதிக்குத் தர முடியும்னா இத்தனை நாள் முழுசா எதுக்கு வாங்கினாங்கன்னு இவருக்கு இன்னும் கோவம் ஏறிடுச்சு. அசையவே இல்ல. கடைசியில, "சரி சார், நிறுத்திடறோம். உறுதி பண்ண நீங்க குடுத்து வெச்சிருக்கற வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவோம்"னு சொல்லி வெச்சிடுச்சு.

மறுநாள் டிவி ஜம்முனு ஓடுது. அதுக்கு மறுநாளும் ஓடுது. செக்கர் மறுபடியும் போன் போட்டாரு. இப்ப வேற பொண்ணு. "மன்னிக்கணும் சார். உங்க வீட்டு நம்பர்ல பேசினவங்க இணைப்பு தொடரட்டும்னு கேட்டுக்கிட்டாங்க."

செக்கர் காதுல மணி அடிச்சுது. வெச்சுட்டு, ஒரு காபி குடிச்சுட்டு திரும்பப் போட்டாரு. இந்தத் தடவை ஒரு ஆம்பளை. "மன்னிக்கணும் சார். உங்க வீட்டு நம்பர்ல பேசினவங்க இணைப்பு தொடரட்டும்னு கேட்டுக்கிட்டாங்க."

ஒரு எழுத்து பிசகல. மாட்டினான்டான்னு தொடையைத் தட்டினாரு செக்கர். அவங்க எதிர்ல எழுதி ஒட்டி வெச்சிருக்கறதைப் பாத்துப் படிக்கறாங்கன்னு அவருக்கு யாரு சொல்றது? டெப்போவுல டிரைவர்கிட்ட பெருமையா சொன்னாரு. "ஊரையே ஏமாத்தற கூட்டம்யா. எல்லாரும் ஒரே பொய்யை ஒப்பிக்கறான்."

டிரைவர் வாயில பல்குச்சியோட கேட்டாரு. "வீட்டுல கேட்டியா?"

"கேட்டேன். கம்பெனியில இருந்து போன் வந்துச்சான்னேன். யார் யாரோ பண்றான், கடன் வேணுமான்னு கூட கேக்கறான்னு சொன்னா."

"அது பதில் இல்லையேப்பா. இன்னொரு தடவை கேளேன்."

"நீ எனக்கு சோறாக்கிப் போடுவியா?"ன்னாரு செக்கர். டிரைவர் பல்குச்சியைத் துப்பிட்டு வண்டியை எடுத்துட்டாரு.

ஆனா அது முள்ளு மாதிரி தைச்சுடுச்சு. ராத்திரி சாப்பிடும்போது அந்தம்மா மூஞ்சியவே பாத்தாரு. கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு. தண்ணியைக் குடிச்சு உள்ள தள்ளினாரு. மறுநாளே லீவு போட்டுட்டு கம்பெனி ஆபீசுக்குப் போனாரு. கவுண்டர்ல இருந்த கண்ணாடிக்காரர் வாயைத் திறந்ததும் அதே மன்னிக்கணும் சார், அதே தொடரட்டும். செக்கர் போட்ட சத்தத்துல வரிசையில நின்னவங்க எல்லாம், "எங்களுக்கும் நிறுத்துங்கய்யா"ன்னு சேந்துக்கிட்டாங்க. கண்ணாடிக்காரர் பயந்து போயி, கேபிள் பெட்டியைக் கழட்ட இன்னைக்கே ஆளை அனுப்பறேன்னுட்டாரு.

சாயங்காலம் ஆளு வந்தாரு. தலை நரைச்ச மனுஷன். எப்பவும் தோள்ல ஏணியோட திரியறதால எல்லாருக்கும் அவர் ஏணிதான். டிவிக்குப் பின்னாடி தலையை விட்டு ஒயரைப் புடுங்கிக்கிட்டே முணுமுணுத்தாரு. "வேணும்னு ஒருத்தர், வேண்டாம்னு ஒருத்தர். என்னை எதுக்கு அலைய வெக்கறீங்க?"

"வேணும்னு யாரு சொன்னது?"

"அம்மாதான். பக்கத்து வீட்டுக்கு நான் வந்தப்ப சொன்னாங்க, யாரு வந்து சொன்னாலும் எங்க லைனை மட்டும் எடுத்துடாதீங்கன்னு."

செக்கர் ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. "யாரு சொன்னதுன்னு சொன்னே?"

ஏணி தலையைச் சொறிஞ்சாரு. "அம்மா சார். பக்கத்து வீடா, இல்ல மாடியா, மழை வேற தூறிச்சு. கையில கரண்டியோ தொடப்பமோ இருந்துச்சு. நான் ஏணி மேல இருந்தேனா, சரியா கேக்கல. எடுத்துடாதீங்கன்னு மட்டும் கேட்டுச்சு."

அவ்வளவுதான். இத்தனை உளறல் உளறினா அது நெஜம். செக்கருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு.

மெதுவா சமையல்கட்டுக்குப் போனாரு. அந்தம்மா திரும்பாம நிக்குது. கூடத்துல பேசினது எல்லாம் காதுல விழுந்திருக்கு. அடுப்பை அணைச்சுட்டு முந்தானையில கையைத் துடைச்சுது.

"போன் வந்துச்சான்னு ஏற்கெனவே கேட்டாச்சு. நினைவிருக்கா?" அப்படின்னுச்சு.

"அதைக் கேக்கல." செக்கர் கேள்வியை மாத்திக்கிட்டாரு. "ஏன் வேணும்னு சொன்னே?"

அந்தம்மா இவரு பக்கம் திரும்பிச்சு. "சரி, இது புதுக் கேள்வி. டிவி ஓடினா அதுல வர்றவனை எல்லாம் சந்தேகப்படறீங்க. அதை நிறுத்திட்டா யாரைப் பாப்பீங்க? இந்த வீட்டுல இருக்கறது நான் ஒருத்திதானே."

செக்கருக்கு நாக்கு நுனி அரிக்குது. நாலடி போயிட்டு வந்து இன்னொரு தடவை கேட்டா, இது நெஜமா இல்ல ஒப்பிக்கறாளான்னு தெரிஞ்சிடும். வாயைக்கூடத் திறந்துட்டாரு. அந்தம்மா கண்ணு பரண் மேல இருந்த துணிப்பைக்குப் போச்சு. இவரும் பாத்தாரு. வாயை மூடிக்கிட்டாரு.

கூடத்துல இருந்து ஏணி குரல் குடுத்தாரு. "சார், பெட்டியை எடுத்துக்கிட்டு போகட்டுமா, வெக்கட்டுமா?"

"மாட்டுய்யா"ன்னாரு செக்கர்.

ஏணி பெருமூச்சு விட்டு மறுபடியும் தலையை உள்ள விட்டாரு. எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, கிளம்பும்போது வாசல்ல நின்னு இழுத்தாரு. "சார், அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் ஏறுதாம். ஆபீசுல பேசிக்கிட்டாங்க."

செக்கர் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்தாரு. "ஏறட்டும், ஏறட்டும்"ன்னாரு.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு டிவி முன்னாடி உக்காந்தாரு. செய்தி ஓடுது. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தவரு உள்பக்கம் பாத்து சொன்னாரு.

"இந்த வாசிக்கறவன் முழியே சரியில்ல. என்னத்தையோ மறைக்கறான்."

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. கண்ணை எடுக்காம பாருங்க"ன்னு உள்ள இருந்து பதில் வந்துச்சு.