அடையாள அட்டை இருந்த இடத்தில்

திரை முழுக்க வரிசை வரிசையாக அடையாள அட்டைகள் தெரிந்ததும் சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த அந்தக் காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாத்தளை நகரத்துக் கன்னியர் மடத்தில், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களின் பழைய படங்களைக் கணினியில் சேர்த்துவைக்கும் வேலையை அவர்தான் தொடங்கியிருந்தார். நான் அங்கே கணினி வேலைக்குப் போனவள். இலங்கையில் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். சோதனைச்சாவடிகளில் காட்டிக் காட்டியே, மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் முதலில் அடையாள அட்டையை நீட்டிவிடுவது எங்கள் சனங்களுக்குக் கைப்பழக்கமாகியிருந்தது. படம் கொண்டுவரச் சொன்னாலும் அட்டைதான் மேலே இருக்கும். கொடுத்த வரிசையிலேயே நாங்கள் ஸ்கேன் செய்தோம். மென்பொருளோ ஒவ்வொரு குடும்பத்தின் முதல் படத்தையும் தானாகவே முகப்பில் போட்டுவிட்டது.

“என்ன இது, பொலிஸ் தேடுற ஆளுங்க மாதிரியில்ல இருக்கு! எல்லாத்தையும் மாத்துறோம்,” என்றார் சிஸ்டர்.

ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நானே நல்லதாக ஒன்றைத் தெரிவுசெய்து போட்டுவிடப் பார்த்தேன், சிஸ்டர் விடவில்லை. “அவங்க முகம், அவங்கதான் சொல்லணும்.” அவருடைய பிடிவாதம் மடத்தில் பேர்போனது. பூசை முடிந்து வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிப் பிடித்துக் கேட்டார். ஒருவர் கல்யாணப் படம் போதும் என்றார். இன்னொருவருக்குத் தன் பசுமாட்டோடு நின்ற படம்தான் வேண்டுமாம்.

ஓர் அம்மா மட்டும் எதையும் கேட்கவில்லை. தம்புள்ளைக்கு மரக்கறி மூட்டை தூக்கப் போன அவருடைய மகனை வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன இராணுவத்தினர் திருப்பி அனுப்பவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது மகனுடைய அட்டையின் போட்டோக்கொப்பி ஒன்றுதான். அதைக் காட்டித்தான் இராணுவ முகாம்களில் மகனைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வேற படம் ஏது சிஸ்டர்? இதுல திருடன் மாதிரி முழிக்கிறான். அவன் அப்படியில்லீங்க.” அவர் அழுதார்.

சிஸ்டர் அழவில்லை. மற்றக் குடும்பங்களின் படங்களையெல்லாம் பெரிதாக்கி, அந்தக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கண் பூத்துப்போகும்வரை பார்த்தோம். கடைசியில், யாரோ கொடுத்த திருவிழாப் படமொன்றின் ஓரத்தில், மாதா சுரூபத்தைத் தூக்கிய இளைஞர்களுக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தபடி அவன் நின்றான். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து முகப்பில் வைத்தோம்.

பிறகு எத்தனையோ இடங்களில் இதே வேலையைச் செய்துவிட்டேன். இப்போதெல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு முகப்புப் படத்தை மாற்றும்போதெல்லாம் அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அன்று அவர் திரையில் மகனின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னார்.

“இனிமே கேம்ப்ல இதத்தான் காட்டுவேன். எப்படிப்பட்ட புள்ளைய கொண்டு போனாங்கன்னு பாக்கட்டும்.”