பின்னால் போகாத கார்

முன்னால் போவதில் எங்கள் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. திருப்பதி என்றால் திருப்பதி, நகரி என்றால் நகரி, பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் மட்டும் போகாது. எட்டு வயதில் எனக்கு அது குறையாகவே படவில்லை. பின்னால் போகவேண்டுமென்றால் தள்ளவேண்டியதுதானே, அதற்குத்தானே வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, சித்தூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். திருப்பதி ஷோரூமிலிருந்து புத்தம்புதுசாக அந்த வெள்ளைக் காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். முதல் ஞாயிறே சர்ச்சுக்குக் கொண்டுபோனோம். ஆராதனை முடிந்ததும் நைனா போதகரை ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றிவந்தார். பிறகு சபையே காரைச் சுற்றி நிற்க, போதகர் பானெட்டின் மேல் கை வைத்து ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நைனா கம்பீரமாக ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டுக்குழு அண்ணன்கள் ஆறு பேர் சேர்ந்து கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அதுவும் ஆராதனையில் சேர்ந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் எங்கள் சந்தில் ஒரே கொண்டாட்டம். சந்து குறுகல், ஷெட்டுக்குள் காரைப் பின்பக்கமாகத்தான் விடமுடியும். ஹாரன் கேட்டதும் தெருப்பிள்ளைகள் விளையாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவருவார்கள். வலது லைட்டுக்கு மேல் அத்தை கை, இடது லைட்டுக்கு மேல் அம்மா கை, நடுவில் நான். அந்த நடு இடத்துக்காக நான் ஒருத்தனைக் கடித்தும் இருக்கிறேன். நைனா ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும்!" என்பார். உள்ளே போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட்.

பாவம், நைனாவுக்குத்தான் அதில் சந்தோஷமில்லை. எந்த ஊருக்குப் போனாலும், எங்கே நிறுத்தினால் நேராகவே வெளியே எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்தே மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். நாலு தடவை திருப்பதி ஷோரூமுக்குக் கொண்டுபோனார். அங்கே "கூர்ச்சோண்டி சார், காபி தாகண்டி" என்று உபசாரமாக உட்காரவைத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து ரிவர்ஸ் போட்டால், சனியன், சமர்த்தாகப் பின்னால் போகும். "உங்களுக்கு இன்னும் கை பழகலை சார்" என்று மேனேஜர் சிரிப்பார். வாரண்டி முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அதற்கப்புறம் அந்தக் காபியும் கிடைக்காது, காலமெல்லாம் தள்ளவேண்டியதுதான்.

அத்தை, அதாவது நைனாவின் தங்கை, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பொருள் வாங்குகிறவர்களுக்கென்று புதுச்சட்டம் வந்திருப்பதும், வக்கீல் வைக்காமல் நாமே மனு கொடுக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சபையே நின்னு ஜெபம் பண்ண வண்டிம்மா. அத வெச்சிக்கினு கேஸ் போடறதா? ஊர் இன்னா சொல்லும்?" என்றார் நைனா.

"ஜெபம் ஆண்டவர்கிட்ட பண்ணோம் அண்ணா, கியர்பாக்ஸ் பண்ணவன்கிட்ட இல்ல. புதுசுன்னு வித்தவன் சரி பண்ணித் தரணும், இல்ல வேற வண்டி தரணும். அது நம்ம உரிமை. நீ ஏன் தப்பு பண்ணவனாட்டம் தலைய குனிஞ்சிக்கினு போற?"

அன்றே மனுவை டைப் அடித்துவிட்டாள். உரிமை, சட்டம் எதுவும் என் காதில் ஏறவில்லை. நாம் ஜெயித்தால் காரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் ஏறிவிட்டது. ஐயோ, எங்கள் காரையா! எப்படியாவது அதைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவுசெய்தேன்.

விசாரணையன்று அழுது அடம்பிடித்துக் கூடவே போனேன். கோர்ட் என்றால் கூண்டு இருக்கும் என்று பார்த்தால், ஒரு நீளமேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நீதிபதி. மேனேஜர் எழுந்து, கொண்டுவந்த நாலு தடவையும் ரிவர்ஸ் நன்றாகப் போனது, வண்டி நல்ல வண்டி என்றார்.

நான் சட்டென்று எழுந்துவிட்டேன். "ஆமா சார், அந்த அங்கிள் சொல்றது நிஜம்தான். ரொம்ப நல்ல வண்டி!"

மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அத்தைக்கு முகம் செத்துவிட்டது, நைனா தரையைப் பார்த்தார். நீதிபதி சிரித்துக்கொண்டே, "நுவ்வு செப்பம்மா" என்றார். சொல்லச் சொன்னபின் நான் விடுவேனா? "காலைல எழுந்ததும் அதுவே பின்னால போவும் சார். எங்கனா போய்க்கினு வந்தா களைச்சிடும். அப்போ நாங்க தள்ளுவோம். கொஞ்ச நேரம் உட்கார வெச்சா மறுபடி போவும். அதுமேல ஒண்ணும் தப்பில்ல சார்!"

நீதிபதி பேனாவை மூடிவைத்தார். "அப்படியா? மேனேஜர்காரு, நீங்களே ஒரு மணி நேரம் ஓட்டிக்கினு வாங்க. காபிக்கு நிக்காதீங்க" என்றார்.

கோர்ட் குமாஸ்தாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேனேஜர் புத்தூர் ரோட்டில் போய்த் திரும்பிவந்தார். காம்பவுண்டு சுவருக்கு நேரே நிறுத்தச் சொன்னார்கள். இப்போது ரிவர்ஸ் போட்டார். கர்ர். மறுபடி கர்ர். வராந்தாவில் கூடிய ஜனம் கொல்லென்று சிரித்தது. அவர் சட்டை நனைந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"இறங்கி வந்து தள்ளுங்க அங்கிள். பானெட்ல கை வெக்காதீங்க, பள்ளம் விழுந்துடும். லைட்டுக்கு மேல வைங்க."

வேறு வழி? நைனா ஸ்டியரிங்கில் உட்கார, மேனேஜர் தள்ளினார். நடுவில் நான். ஜன்னலில் தலையை நீட்டி நைனா "இன்னும் கொஞ்சம்..." என்றபோது, அந்தக் குரலில் வெகுநாளைக்கப்புறம் சிரிப்பு இருந்தது.

வேறு புதுக் கார் தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள், தட்டு நிறைய ஜிலேபி வாங்கித்தந்தாள். தோற்றுப்போனவளைச் சமாதானம் செய்கிறார்கள் என்று நினைத்து, அழுதுகொண்டே முழுத் தட்டையும் தின்று தீர்த்தேன். புது வண்டிக்கும் ரிவர்ஸ் இருக்கக்கூடாது ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தேன்.

அதே வெள்ளையில் புதுக் கார் வந்தது. ஹாரன் கேட்டு ஓடிவந்த பிள்ளைகள் தள்ளலாமா கூடாதா என்று சந்தில் நின்றார்கள். நைனா ரிவர்ஸ் போட்டார். கார் தானாக, அழகாகப் பாதி தூரம் பின்னால் போனது. என் முகத்தைப் பார்த்தார். வண்டி நின்றது. எஞ்சின் சத்தமும் அடங்கியது. ஜன்னலில் தலை வந்தது.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? வாங்க, தள்ளுங்க!"

"அத்தை, இதுவும் போகல!" என்று கத்திக்கொண்டு ஓடி நடு இடத்தைப் பிடித்தேன். அத்தை பதறிப்போய்க் காரைப் பார்த்தாள். நைனா அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்ற ஆனந்தத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன்.