இரண்டாவது நேர்காணல்

புனேயில் எம்.ஏ. படித்தபோது, ஆய்வு முறைகள் பாடத்துக்காக, அங்கே வாகட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் வேலை செய்த செல்வி அக்காவை நேர்காணல் செய்தேன். ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கிக் கணவர் இறந்ததை அழுதுகொண்டே சொன்னார். அவர் போன பிறகு பார்த்தால், கைப்பேசியில் எதுவுமே பதிவாகவில்லை.

மறுநாள் அவர் வந்ததும், "முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றேன். துடைப்பத்தை வைத்துவிட்டு மறுக்காமல் சொன்னார். இம்முறை அழவில்லை.

"நேத்து இந்த இடத்துல அழுதீங்களே?"

"அழுவணுமா பாப்பா? அழுதாத்தான் மார்க் போடுவாங்களா?"

கேலியில்லை. உண்மையாகவே கேட்டார். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. கைப்பேசியை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

வகுப்பில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.