மணியின் நாக்கில் சுற்றிய துணி

எங்கள் வீடு காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மாப்பிள்ளை தவறிய பிறகு கைக்குழந்தையோடு வந்துவிட்ட என் மகளுக்கு ஒரு வேலை கூடிவந்தது. டாக்டர்கள் பேசிப் பதிந்ததை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலேயே டைப் அடிக்கும் வேலை. வீட்டில் அமைதியான இடம் இருந்தால்தான் கம்ப்யூட்டர் தருவார்களாம்.

அந்த இடத்தைப் பார்க்க கம்பெனியிலிருந்து வந்தவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். ஒவ்வொரு அறையிலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முன்னறையில் பட்டறை இரைச்சல், உதட்டைப் பிதுக்கினார். சமையலறையில் பக்கத்து வீட்டு டிவி, மறுபடியும் பிதுக்கினார். மிச்சம் இருந்தது பூஜை அறைதான். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த மணியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாங்க, மணிய துணி சுத்தி வச்சிகீறீங்க?"

"சத்தம் வந்தா வேலை குடுக்கமாட்டீங்கன்னு பயந்துகினு சுத்திட்டேன் சார். இப்போ படத்துல கீற அம்மா கோச்சிக்குவாளோன்னு அதுவேற பயமா கீது."

"நான் ஒருத்தன், அவ ஒருத்தி. எத்தினி பேருக்குங்க பயப்படுவீங்க?"

மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, அவரே துணியை அவிழ்த்தார்.

"பொண்ணு வேலை செய்யறப்ப அடிக்காதீங்க, போதும். மேசைய இங்கயே போடுங்க."

இடம் முடிவான பிறகும் அவர் அம்மன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது. கூப்பிய கையை இறக்கவே இல்லை. அவருக்கு என்ன பயமோ, கேட்க எனக்குத் துணிவில்லை.

இன்றும் விளக்கேற்றும்போது அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாது. துணியை அவிழ்த்தவர் என்றால் அம்மாவுக்குத் தெரியும்.