ஐந்து வெட்டு எண்ணெய்

அதே எண்ணெய், அதே ஸ்பிரிங். ஜமால் கை வைத்தால் மட்டும் வண்டியின் முன்பக்கம் ஏன் அவ்வளவு மெத்தென்று இறங்கி ஏறுகிறது? அப்போது பட்டறையில் எடுபிடிப் பையனாக இருந்த என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. மருதைக்கோ அந்தக் கேள்வி தொண்டையில் சிக்கிய முள்.

மருதை புத்தூர்ப் பட்டறையில் பதினோரு வருஷமாக மெக்கானிக். கண்ணைக் கட்டிவிட்டாலும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார். ஜமால் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனாலும் புல்லட்டில் வந்து இறங்குகிறவர்கள் மருதையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஜமால் இருக்காருங்களா?" என்றார்கள்.

ஜமாலிடம் ஒரு மருந்து பாட்டில் இருந்தது. வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, ஆஸ்பத்திரியில் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டித் தருவார்களே, அது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் குழாய் ஒவ்வொன்றுக்கும் அதில் ஐந்து வெட்டு எண்ணெய் அளந்து ஊற்றுவான்.

"என்னப்பா, வண்டிக்கு இருமலா?" என்பார் மருதை.

"ஆமாண்ணே. பாலத்துல ஏறினா லொக்கு லொக்குங்குதாம்" என்று சிரிப்பான். மருதைக்கு அந்தச் சிரிப்பும் எரிந்தது.

1961இல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜமால் தொழுகைக்குப் போயிருந்தான். ஸ்ரீரங்கம் ரெங்கநாதன் காலையில் விட்டுப்போன புல்லட் நின்றது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டங்கென்று இடிக்கிறதாம். மருதை சட்டென்று போர்க்கைப் பிரித்தார். பழைய எண்ணெயை வடித்தார், ஸ்பிரிங்கைக் கழுவி மாட்டினார், பாட்டிலை எடுத்தார். அவன் ஐந்து வெட்டுத்தானே? நான் எட்டு ஊற்றுகிறேன், பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார். விருந்தாளி இலையில் நெய் விடுவதுபோலத் தாராளமாக ஊற்றி மூடியை இறுக்கினார். ரெங்கநாதன் வந்தார், எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். வெள்ளைப் பேண்ட் முழுக்க எண்ணெய். பாலத்தில் அந்தப் போர்க் அமுங்காமல் கடப்பாரையாக விறைத்ததாம். திருவானைக்காவல் பள்ளத்தில் ஆயில் சீல் பிய்ந்து எண்ணெய் பீச்சியடித்ததாம்.

"ஜமால் கைன்னு நம்பின்னா எடுத்துண்டு போனேன்! அவனுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

மருதை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஜமால் பெயர் கெட வேண்டும் என்றுதானே இரண்டு வருஷமாகக் காத்திருந்தார்? ஆனால் இது தான் பிரித்து, தான் பூட்டிய போர்க். இதுவும் அவன் பேரிலா?

"ஜமால் தொடவே இல்லீங்க! நான் பண்ணினது. நான்!" என்று கத்திவிட்டார்.

அப்போதுதான் உள்ளே வந்த ஜமால் குனிந்து போர்க்கைத் தடவிப் பார்த்தான். "மேல காத்துக்குக் கொஞ்சம் எடம் விடணும்ண்ணே. எண்ணெய் அமுங்காது. காத்துதான் அமுங்கும்."

கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. மருதை பல்லைக் கடித்துக்கொண்டு புதுச் சீல் மாட்டினார், ஐந்து வெட்டு அளந்தார்.

மறுவாரம் ரெங்கநாதன் வந்து மனசாரச் சொன்னார்: "பேஷ், மருதை! ஜமால் பண்ணின மாதிரியே இருக்கு."

அந்த 'மாதிரியே' மருதைக்குச் செரிக்க நாலு வருஷம் பிடித்தது. உங்கள் பட்டறையிலோ ஆபீசிலோ இப்படி ஒருவர் வெந்துகொண்டிருந்தால், பெயரைச் சொல்லிக் குத்த வேண்டாம். இந்தக் கதையை மட்டும் அவர் காதில் போட்டுவையுங்கள்.