மஞ்சள் கட்டத்தில் விழுந்த கறை

நான் சுபாவத்திலேயே பயந்தவன். இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிற ஒருவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் நல்ல ஓட்டுநர்கள் எல்லாருமே பயந்தாங்கொள்ளிகள்தான். பயம் விட்டுப்போனவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. அதனால் பயத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய கேமராவை வாங்கும்வரை.

அதை வாங்கியது தற்செயல். மனைவியின் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற சிட்டி ஹால் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய கடைக் காம்ப்ளெக்ஸில் பாதிக் கடைகள் கேமராக் கடைகள். ஒரு கண்ணாடி அலமாரியில் வெள்ளியும் கறுப்புமாக, என்னைவிட வயதில் மூத்த ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. பிலிம் போடுகிற ரேஞ்ச்ஃபைண்டர் ரகம். சும்மா கையில் வாங்கிப் பார்க்கலாம் என்றுதான் கேட்டேன். கண்ணில் வைத்தேன். அவ்வளவுதான், ஆள் காலி.

அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். படத்தில் விழப்போகும் இடத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். யார் உள்ளே வரப்போகிறார், யார் வெளியே போகிறார் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். பஸ் ஓட்டுகிறவனுக்கென்றே செய்த கேமரா என்று தோன்றியது. நாங்களும் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம்?

நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டாவது உருவம் மெல்ல நகர்ந்து வந்து முதலாவதன் மேல் உட்காரும். இரண்டும் ஒன்றானால் படம் துல்லியம். அந்த ஒரு நொடிக்காகவே நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மின்விசிறி, சாமி படம், துணிக்கொடி, மனைவியின் மூக்குத்தி என்று எல்லாவற்றையும் இரண்டாக்கி ஒன்றாக்கினேன்.

“ஏங்க, பிலிம் போட்டிருக்கீங்களா இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்ல. சும்மாதான்.”

“சும்மாதான் இவ்ளோ நேரமா என்னையே பார்த்துட்டு இருக்கீங்களா? கல்யாணமான புதுசுல கூட இப்படிப் பார்த்ததில்லையே!”

இரண்டு மாதம் இப்படிச் சந்தோஷமாகப் போனது. ஓய்வு நாள் கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பிவிடுவேன். அப்படி ஒரு ஞாயிறு காலை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பூக்கடையில் நின்றேன். மாலை தொடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவரும் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணில் வைத்தேன். மஞ்சள் கட்டத்தைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கறை. வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். அக்கா இரண்டாகவும் ஆகவில்லை, ஒன்றாகவும் ஆகவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த கடைத் தூண் நடுவில் லேசாக வளைந்திருந்தது.

“என்னண்ணே, ஒரு போட்டோவுக்கு இவ்ளோ நேரமா? பூ வாடிரும் லா,” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இந்த வகைப் பழைய கேமராக்களில் அந்த மஞ்சள் கட்டம் நாளாக ஆக மங்கிப்போகும் என்று படித்திருந்தேன். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். அங்கிருந்து நேரே சிட்டி ஹாலுக்குப் போய், அதே காம்ப்ளெக்ஸில் கேமரா பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெண்ணிடம் நீட்டினேன். முப்பது வயதுதான் இருக்கும். அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு கருவியில் மாட்டிப் பார்த்தாள்.

“ஓகே வாட், அங்கிள்,” என்றாள். கேமராவில் ஒரு குறையும் இல்லையாம்.

ஓகே இல்லை, கட்டம் போய்விட்டது, தூண் கோணலாகத் தெரிகிறது என்று நான் குரலை உயர்த்தினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பெண் கோபப்படவில்லை. கேமராவைத் திருப்பித் தந்து, இடது கண்ணால் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். மஞ்சள் கட்டம் பளிச்சென்று இருந்தது. எதிர்க்கடையின் கதவுச் சட்டம் நூல் பிடித்த மாதிரி நின்றது. வலது கண்ணுக்கு மாற்றினேன். நட்ட நடுவில் ஐம்பது காசு அளவுக்குச் சாம்பல் நிறத்தில் கறை. கதவுச் சட்டம் அங்கே போய் வளைந்தது. இடது, வலது, இடது, வலது. டாக்டரைப் பாருங்கள் அங்கிள் என்று அவள் சொல்ல, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று நான் எதையோ உளறிவிட்டு வெளியே வந்தேன். அவள் காசு வாங்க மறுத்துவிட்டாள். அதுவேறு இன்னும் பயமுறுத்தியது.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடுகிறது. ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்க்கச் சொல்லும் அந்தக் கேமரா மட்டும் என்னிடம் இல்லாதிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது இந்த எண்ணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தெரியாததுபோல் இருந்துவிட்டால் என்ன? வீட்டில் மனைவியிடம், கேமராவை ரிப்பேருக்குக் காட்டப் போயிருந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குப் பஸ்ஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நாற்பத்தொன்பது வயதில் யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள்? டாக்டரிடம் போனால் உரிமம் போகும். உரிமம் போனால் நான் யார்? மறுநாள் காலை சீருடையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முதல் சுற்றிலேயே ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ஆசை அடங்காமல் இடது கண்ணைக் கையால் மூடினேன். விளக்கைக் காணோம். கம்பம் இருந்தது, மேலே மரம் இருந்தது, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறை மட்டும் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பள்ளிப் பைகளோடும் மார்க்கெட் பைகளோடும் ஐம்பது பேர். கையை எடுத்தேன். விளக்கு சமர்த்தாகத் திரும்ப வந்தது. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது.

இப்படி ஒன்பது ஷிஃப்ட் ஓட்டினேன். கணக்குத் தவறாது, ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. குளியலறை டைல்ஸ் கோட்டைப் பார்த்து ஒரு கண், லிஃப்ட் கதவைப் பார்த்து ஒரு கண் என்று மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தேன். கறை சிறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அது சிறுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னங்க, இந்த வயசுல கண்ணடிக்கிறீங்க? யாருக்காக ப்ராக்டிஸ்?”

சிரித்தேன். கேமராவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒன்பதாவது ஷிஃப்ட் ஒரு மழைப் பிற்பகல். மனைவி எங்கள் பேட்டையிலேயே ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள். வழக்கமாக நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்று மழைக்காக என் பஸ்ஸில் ஏறினாள். குடையை மடக்கியபடி, முகத்தை அப்பாவிபோல் வைத்துக்கொண்டு, “அங்கிள், இந்த பஸ் இண்டர்சேஞ்ச் போகுமா?” என்றாள். பயணக் கார்டைத் தட்டிவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தவள், அடுத்த நிமிடமே தூங்கிப்போனாள். வேறு யார் ஓட்டினாலும் பஸ்ஸில் அவளுக்குத் தூக்கம் வராது. நான் ஓட்டினால் மட்டும்தான் வரும். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பஸ்கள் வந்து முடியும் அந்த இண்டர்சேஞ்சுக்கு இன்னும் மூன்று நிறுத்தம். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பஸ்ஸை வெளியே எடுத்தேன். எங்கிருந்து வந்தான் என்றே தெரியாமல் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பஸ்ஸை உரசிக்கொண்டு முளைத்தான். பிரேக்கை மிதித்தேன். நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மனைவியின் நெற்றி முன்னாலிருந்த கம்பியில் டொக்கென்று இடித்தது.

விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நெற்றியைத் தேய்த்தபடி, “பைக்குக்காரனா?” என்றாள்.

“ம்,” என்றேன்.

அது அவன் குற்றமா, என் கண்ணின் குற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மழையில் எல்லாருக்குமே மறையும்தான். இண்டர்சேஞ்சில் எல்லாரும் இறங்கி, அவளும் கையசைத்துவிட்டுப் போன பிறகு, நேரே அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் நம்மாள், என்னைவிட இளையவர்.

“என்னண்ணே, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? வயிறு சரியில்லையா?”

“கண்ணு, தம்பி. வலது கண்ணு தெரியல. இனிமே என்னை ஓட்ட விடாதீங்க.”

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அத்தனை நாளில் முதல் தடவையாக மூச்சு விட முடிந்தது.

விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் கண் டாக்டர். பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றிவிடும், சிலருக்கு வற்றாது, அதுவரை ஓட்டக் கூடாது என்றார். டிப்போவில் காகித வேலை கொடுத்தார்கள். வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன், ஒரு பொய்யோடு.

“இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

அவள் நம்பினாள். கண்ணுக்கு நல்லதென்று கீரையும் காரட்டுமாகச் சமைத்துப் போட்டாள். ஒரு மாதம் கழித்து, என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அலமாரியிலிருந்து கேமராவை அவளே எடுத்து வந்தாள்.

“உங்களால பாக்க முடியலன்னா நான் பாத்துச் சொல்றேன். எப்படின்னு சொல்லிக் குடுங்க.”

சொல்லிக்கொடுத்தேன். பூக்கடையில் நின்றுபோன அதே பிலிம் உள்ளே இருந்தது. அவள் கேமராவை வலது கண்ணில் வைத்து என் பக்கம் திருப்பினாள். வளையத்தைத் திருப்பினாள்.

“ரெண்டு நீங்க தெரியிறீங்க... கிட்ட வர்றீங்க... ஆ, ஒண்ணாயிட்டீங்க!” குழந்தைபோல் குதூகலித்தாள். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: “ஏங்க, இந்தக் கட்டம் நட்ட நடுவுலதானே இருக்கு?”

“ஆமா.”

“உங்க கறையும் நடுவுலதானே? அப்போ இதுல பாத்தப்பவே தெரிஞ்சிருக்குமே. இது ரிப்பேர்னு தூக்கிட்டு ஓடினீங்களே, அது எப்போ?”

நான் அந்த லென்ஸையே பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அந்த மழை நாளு, நான் உங்க பஸ்ஸுல தூங்கிட்டு வந்தேனே. அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

க்ளிக் என்றது கேமரா. வேண்டுமென்றே அழுத்தினாளா, விரல் பட்டுவிட்டதா, நான் கேட்கவில்லை. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிலிமைக் கழுவி வந்தபோது அந்த ரோலிலேயே துல்லியமாக விழுந்திருந்த படம் அதுதான். ஒரு ஆள் பயந்துபோய் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை.

கறை இப்போது பத்துக் காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் டாக்டர் மறுபடி பார்ப்பார். நல்லபடியாகிவிடும் என்று அவளே தினமும் எனக்குத் தைரியம் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகப் பஸ்ஸில் ஃபேரர் பார்க்குக்குப் போகிறோம். நான் சன்னலோரம், அவள் பக்கத்தில். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே வருகிறாள். ஒருமுறை, கொஞ்சம் தூங்கேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“பரவால்லங்க,” என்றாள். “நான் முழிச்சே இருக்கேன்.”