இரண்டு போல்ட்டும் ஒரு பொய்யும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கையில் டார்ச். பக்கத்தில் மெக்கானிக் கலீல் பாய். மாலை மூன்று மணிக்கு அதே காரில் ஒரு கல்யாணப் பெண் ஏறி உட்கார வேண்டும்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன்? சொல்கிறேன். என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை.

என்னிடம் ஒரு பியட் கார் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாற்பது வயது, வெள்ளை நிறம். கள்ளக்குறிச்சியில் நான் பிசிக்ஸ் எடுக்கும் பள்ளியிலிருந்து வீடு வரை அதை ஓட்டி வருவதையே பெரிய சாதனையாக இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். பாவம், நீங்களும் படித்திருக்கிறீர்கள்.

எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா பூங்காவனம். வீடு கருணாபுரம். அவர் மகள் சரண்யாவுக்குத் திங்கட்கிழமை காலை, மலை மேல் இருக்கும் கரியாலூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அங்கே மரவள்ளி போடுகிறவர்கள். சொந்தக்காரர்கள் முதல் நாளே மலைக்குப் போக வேன் பேசியாகிவிட்டது. ஆனால் பூங்காவனத்துக்கு ஒரு ஆசை.

"வேன்ல போனா அவளும் கூட்டத்துல ஒருத்தியா பூடுவா டீச்சர். உங்க வெள்ளக் கார்ல இட்டுக்கினு போனீங்கன்னா நல்லா இருக்கும்ங்க."

எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. உடனே சரி என்றேன்.

மலை ஏற வேண்டுமே… காரைக் கலீல் பாயிடம் விட்டேன். கியர் பாக்ஸின் அடி மூடியைக் கழற்றி, ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது.

வியாழக்கிழமை காலை, கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில். ஒரே ஒரு சொட்டு. பாய்க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டேனா? இல்லை. வீட்டில் ஸ்பேனர் இருந்தது. என் தலைக்குள் இருபத்தாறு வருட பிசிக்ஸ் இருந்தது.

காருக்கு அடியில் நுழைந்தேன். மூடியைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன போல்ட்டுகள். ஒன்றை முடுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கைப்பிடி நீளமாக இருந்தால் குறைந்த பலத்திலேயே திருப்பிவிடலாம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். தோட்டத்தில் கிடந்த தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பேனரின் பின்னால் சொருகினேன்.

திரும்பியது. ஆஹா என்று இருந்தது. இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… திடீரென்று வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி லேசாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அழுவார்கள். நான் அடுத்த போல்ட்டுக்குப் போனேன்.

இரண்டாவதும் லேசாகிவிட்டது. அப்புறம் ஆயில் சொட்டவில்லை. ஒழுகியது.

நான் போட்ட சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "இன்னா ஆச்சு?"

"பாய் சரியா முடுக்கல போல இருக்கு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கலீல் பாய் வந்தார். அடியில் படுத்து அந்த இரண்டு போல்ட்டையும் விரலாலேயே கழற்றினார். போல்ட்டைச் சுற்றி, பென்சில் சீவியது மாதிரி, அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. கியர் பாக்ஸ் உடம்பு முழுக்க அலுமினியம். போல்ட் பிடிக்க வேண்டிய துளையின் உள்வரிகள்தான் அப்படி உரிந்து வெளியே வந்திருந்தன.

"மரை போச்சு டீச்சர்" என்றார். அவர் கண் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த குழாய்த் துண்டின் மேல் ஒரு வினாடி நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன்.

"நீங்க போட்ட போல்ட்டுதானே பாய்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பாய் போல்ட்டைத் துணியில் துடைத்தார். "நான் போட்டதுதான் சார். பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம் இல்லையா? எத்தனை பிள்ளைகளிடம் "தப்பு பண்ணினது யார், எழுந்து நில்லு" என்று கேட்டிருப்பேன்…

பெரிய போல்ட் போட்டுவிடலாமா என்றேன். ஓரம் மெலிசு, விரிசல் விடும் என்றார். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதில் புதிதாக மரை வெட்டி, உள்ளே ஸ்டீல் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி வைக்க வேண்டுமாம். அதற்குள் பழைய அளவு போல்ட்டே ஏறிப் பிடிக்கும். பட்டறையில் அதற்குக் 'காயில்' என்று பெயர். இந்த அளவுக் காயில் கள்ளக்குறிச்சியில் கிடைக்கவில்லை. சேலத்தில் தெரிந்தவரிடம் சொல்லி, ஞாயிறு காலை பஸ்ஸில் அனுப்பச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போதுதான் என் வீட்டுக்காரர் அதைச் சொன்னார். எங்கள் தெருவில் ஸ்கூல் வேன் வைத்திருக்கும் ஒருவர், வேனைக் கலீல் பாயிடம் விடுவதாக இருந்தாராம்.

"நான்தான் டீக்கடைல சொன்னேன். பாயி இப்பல்லாம் சரியா வேல செய்றதில்ல, நம்ம கார பாருன்னு. உடனே அவரு வண்டிய வேற எடத்துல வுட்டுட்டாரு."

ஒருவரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அவர் ரசம் கேட்டார். ஊற்றினேன். ஒரு சின்னப் பொய், அதுவும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னது, ஒரு மனிதரின் வேலையைப் பறித்திருக்கிறது.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, கண்டக்டரிடமிருந்து பொட்டலத்தை வாங்கி வந்தேன். பாய் வேலையை ஆரம்பித்தார். டார்ச் பிடிக்க நானே அடியில் நுழைந்தேன். பிராயச்சித்தம் என்று நினைப்பு.

பல்சக்கரங்களுக்குள் தூள் விழாமல் துணி அடைத்தார். டிரில் பிட்டில் ஓர் இடத்தில் டேப் சுற்றி, அதற்கு மேல் ஒரு நூல்கூட உள்ளே போகக் கூடாது என்றார். நுனியில் கிரீஸ் தடவினார், தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ள. பிறகு மரை வெட்டும் கருவியை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்பினார். மனிதர் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார்.

முதல் காயில் உள்ளே உட்கார்ந்ததும் சொன்னேன்.

"பாய்… அத்த முடுக்கினது நான்தான். குழாய் போட்டு முடுக்கிட்டேன்."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சார் எதிர்ல உங்கள இன்னான்னு சொல்றது?" இரண்டாவது காயிலை எடுத்தார். "ஆனா எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத் தெரிஞ்ச விசயம். தெரியாதவங்ககிட்ட சொல்லணும் இல்ல?"

டார்ச்சை அவர் தோளருகே வைத்துவிட்டு வெளியே வந்தேன். முதுகெல்லாம் ஆயில், தலையெல்லாம் மண். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப டீக்கடையில நான் பேசினது?" என்று மட்டும் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

வேன்காரருக்கு நானே போன் செய்தேன். "அப்படிங்களா டீச்சர்… ஆனா அங்க வண்டிய பிரிச்சுப் போட்டுட்டாங்களே. அடுத்த வாட்டி பாய்கிட்டயே வுட்றேன்" என்றார். அந்த வேலை போனது போனதுதான். பாயிடம் வந்து சொன்னேன். "சரி வுடுங்க டீச்சர்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மூடியை மாட்டியதும் கடைசி போல்ட்டுக்கு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு விரலால புடிங்க. ம்… போதும்."

"இன்னும் கொஞ்சம்?"

"போதும்னா போதும் டீச்சர்."

நிறுத்தினேன். உடம்பெல்லாம் பதறியது, இன்னும் ஒரு திருப்பு திருப்பச் சொல்லி.

மூன்றேகாலுக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பட்டுப் புடவையில் சரண்யா, பக்கத்தில் பூங்காவனம். முன்னால் கலீல் பாய். "நான் செஞ்ச வேல, நானே பாத்துக்கினு வரேன்" என்று அவராகவே ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு வேனில் இடம் கிடைத்தது, ஒரு அண்டாவுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவில்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றியதும், பின்னால் ரோட்டில் ஆயில் கோடு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி பாய் இறங்கிப் படுத்துப் பார்த்தார். விரலால் தடவி என்னிடம் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

"இன்னா டீச்சர், வண்டிக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றாள் சரண்யா.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் பாய்.

கரியாலூரில் மேளத்தோடு காத்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டேன். பூங்காவனம் முதலில் இறங்கி, சரண்யாவின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார். வேன் கூட்டம் அப்போதுதான் பின்னால் வந்து நின்றது. எல்லாக் கண்ணும் அந்த ஒரு பெண்ணின் மேல். பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அத்தை காரைச் சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தார். "ஏங்க, புது வண்டி எதுவும் கெடைக்கலீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொன்னது கலீல் பாய்.

"கெடைச்சுதும்மா. மலைல ரிப்பேரானா டீச்சரே எறங்கி சரி பண்ணிடுவாங்களேன்ற பயத்துல வாணாம்னுட்டோம்."

கூட்டமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது என் வீட்டுக்காரர்… வாங்கிக் கட்டிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி?